எலி தின்றது

பாதை திறந்து மூன்றாம் கிழமை.
முத்தையன்கட்டு வலதுகரை, கமக்காரர் கூட்டம்.
வரவு முப்பத்தொருவர், என்னையும் சேர்த்து.
குறிப்பெழுதுவது நான்.

அருளம்பலம் எழும்பினார்.
வவுனியாவிலிருந்து விடிய வந்த பாண் கையில்;
பேசமுன்னம் பிய்த்து முன்வாங்குக்குக் கொடுத்தார்.
"லொறி லொறியாய் மா வருது, பருப்பு வருது.
இனியும் என்னத்துக்கு இந்தக் களஞ்சியம்,
எலிக்குச் சோறு போடவோ?
அறுபது புசல் மொட்டைக்கறுப்பன்.
வித்தால் மண்டபத்துக்குக் கூரை."

பாண் பஞ்சுமாதிரி. நானும் தின்றேன்.
குறிப்பில் அதை எழுதவில்லை.

எழுதாதவை இன்னும் உண்டு.
யூரியாவுக்குத் தடை விழுந்த மாரி,
யூரியா குடித்தே பழகின புதுநெல்
காமாலைக்காரர்போல வயல்முழுக்க நின்றது.
மழை குறையில்லை; குளம் வான் பாய்ந்தது.
கதிர் மட்டும் இல்லை.
உரம் கேளாத நெல் தேடி
சைக்கிளில் நானும் தவமலரும் ஏழு ஊர் போனோம்.
கற்சிலைமடுவில், கந்தவனம் வீட்டில்,
மகளின் சடங்குக்கு நிறைகுடத்தின் கீழ் பரப்பிய நெல்
பிஸ்கட் ரின்னுக்குள்,
இரண்டு கொத்து.
கந்தவனத்தின் பெண்சாதி நெல்லைச் சும்மா தந்தாள்,
ரின்னைத் திருப்பிக் கேட்டாள்.
அந்த இரண்டு கொத்துத்தான் இந்த அறுபது புசல்.
இடையில் பசித்த மாரிகளும்
பசித்தும் அதில் கைவைக்காத வீடுகளும்
எந்தப் பத்தியில் வரும்?

தவமலர் எழும்பவில்லை. இருந்தபடியே சொன்னாள்:
"படலையைப் பூட்டினவனைத் திட்டினம்.
இப்ப திறந்துவிட்டான் எண்டு கைதட்டுறம்.
திறப்பு ஆற்ரை மடியிலை எண்டு
ஒருத்தரும் கேக்கேல்லை."

பின்னால் யாரோ இருமினார்கள்.
அருளம்பலம் கெட்ட மனுசன் இல்லை.
பால்மா இல்லாத காலத்தில்
கைக்குழந்தைக்குக் குரக்கன் தண்ணி பருக்கினவர்;
குரக்கன் என்ற சொல்லுக்கே இப்போது முகம் திருப்புகிறவர்.

கை உயர்த்தச் சொன்னார்கள்.
விற்க: பத்தொன்பது. வேண்டாம்: பதினொன்று.
என் கையில் பேனை இருந்தது.

இருப்பை எண்ண என்னைத்தான் விட்டார்கள்.
களஞ்சியத் திறப்பு என்னிடம்தான்.
பொழுதுபட எண்ணி முடித்து எழுதினேன்:
விற்பனைக்கு ஐம்பத்தெட்டு புசல்.
எலி தின்றது இரண்டு.

அருளம்பலம் வாசித்துப் பார்த்தார்.
"அப்பவே சொன்னனான்தானே" என்றார்,
பாண்துகள் ஒட்டின விரலால்
கையொப்பம் வைத்தார்.