தாங்குதிறன்

எண்பத்தேழு ஒக்டோபர். ஐந்தாம் கொன்செஷன் வீதி.
கிழங்கு கிண்டி முடித்த வயல்.
ஒன்ராறியோவுக்கு நான் வந்து பதினான்கு மாதம்,
தலைக்கவசம் இரண்டு விரல் பெரிது.
குழாயை நட்டு, சுத்தியல் விழுவதை எண்ணுவது என் வேலை.
ஓரடி இறங்க எத்தனை அடி?
அந்த எண்தான் மண்ணுக்கு நாங்கள் எழுதும் சாதகம்.

மேலே முழங்கையளவு கறுப்பு.
விரலிடுக்கில் ஈரக் கேக் போல உதிர்ந்தது.
சுத்தியலுக்கு அது இரண்டு அடி கூடத் தாங்கவில்லை.
"மேல்மண்: தகுதியற்றது. முழுதாக அகற்றுக."
சொன்னபடி எழுதினேன்.
எதிலே எல்லாம் முளைக்குமோ
அதிலே எதையும் நிறுத்த முடியாதாம்.

வீபெ ஹூக்ஸ்ட்ரா முகம் வாடி வருவார் என்று நினைத்தேன்.
மனுசன் சீட்டியடித்துக்கொண்டு வந்தார்,
கணக்குக் கொப்பியை ட்ரக்கின் மூக்கில் விரித்தார்:
எண்பத்தொன்றில் வட்டி இருபது வீதம்,
எண்பத்துநான்கில் ஆலங்கட்டி,
பிறகு கருகல்.
உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்றேன்,
என்னிடமிருந்த ஆங்கிலத்தில்.
உழக்கை விளக்கத்தான் ஒரு கோப்பை காப்பி முடிந்தது.
சிரித்தார். "இனி என் முழங்கால் என்னுடையது."
போகும்போது திரும்பி,
"கீழே குழாய் இருக்கு, பார்த்து.
அப்பா புதைத்தது. சுடுமண். நாற்பதடிக்கு ஒரு வரிசை."
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

பிரேக் செய்யும் பக்டரி வந்தது.
கறுப்பு மண் பின்பக்கம் குன்றாகக் கிடந்து,
புல் முளைத்து, பிறகு லொறி லொறியாக விலைபோனது.
ஸ்காபரோவில் மிளகாய்க் கன்றுக்கு
நான் ஒரு பை மண் வாங்கினேன்.
அதுவா, வேறா, பையில் எழுதியிருக்கவில்லை.

வீபெயின் மகள் யிற்ஸ்கே பெயின்ற் பகுதியில் சேர்ந்தாள்.
"அப்பாவுக்கு ஞாயிறே கிடையாது. எனக்கு இருக்கிறது,
வேலைக்குப் போனால் ஒன்றரை மடங்கு."
ஊருக்கு இரண்டாவது சிக்னல் வந்தது, பல் வைத்தியர் வந்தார்.
இரவு பதினொன்றுக்கு ஷிப்ட் மாறும்போது
வயல்வெளி முழுக்க ஹெட்லைற்.

இரண்டாயிரத்து மூன்றில் பக்கத்து வெங்காயத் தோட்டம்.
நான் மேற்பார்வையாளன். கவசம் பொருந்திவிட்டது.
இரண்டாயிரத்து ஒன்பதில் துளை எதுவும் இல்லை.
பூட்டிய ஆலைக்கு யார் மண் பார்ப்பார்கள்?
யிற்ஸ்கே ஐம்பது வயதில் புத்தகப் பையோடு
முதியோர் பராமரிப்பு படிக்கப் போனாள்.
அதன்பிறகு கிடங்கு: அரை மைல் சுவர், ஒரு ஜன்னல் இல்லை.
விடிகாலை நாலு மணி வேனில்
எங்கள் பிள்ளைகள் வாய் திறந்து தூங்கியபடி அங்கே போனார்கள்.

இப்போது பற்றரி ஆலைக்காம்.
அதே வயல், கார் தரிப்பிடத்தின் வடமூலை.
சுத்தியல் தானே விழுகிறது, மடிக்கணினி எண்ணுகிறது.
எனக்கு எண்ணாமல் இருக்கத் தெரியவில்லை.
தார். சரளை. கொட்டிய களிமண்.
நாலடியில் ஒரு சின்னச் சத்தம், சட்டி உடைவது போல.
துளையில் தண்ணீர் ஏறியது. தெளிந்த தண்ணீர்.
நுனியில் ஒட்டி வந்தது விரல்நகம் பருமனில் செங்கல் நிறத் துண்டு.

"எங்கிருந்து வருகிறது?" இளம் பொறியியலாளர் அமாரா
தட்டச்சில் விரல் வைத்துக் காத்திருக்கிறாள்.
வீபெயின் அப்பாவிடமிருந்து என்றால் எழுதுவாளா?
வேலியோரக் கானுக்குள் இறங்கிப் பார்த்தேன்.
கோரைப்புல்லை விலக்கினால், வட்ட வாய், பாசி,
விட்டு விட்டு ஒரு ஓட்டம்.
விற்ற செய்தி அதற்கு யாரும் சொல்லவில்லை.
மூன்று முதலாளிகளின் காலடியையும்
வயல் என்றே நினைத்து உலர்த்திக்கொண்டிருந்திருக்கிறது.

விதிப்படி துளையை அடைத்தோம்.
கானில் தண்ணீர் கொஞ்சம் கலங்கியது, மெலிந்தது, நின்றது.
நான் ஏறத் திரும்பியபோது
நாற்பதடி தள்ளி
இன்னொரு வாயிலிருந்து கேட்டது.