இருநூற்றி எண்பது

கிரான் பாலத்துக்கு மேலால் ஆறு போன கிழமையும்
நான் வசூலுக்குப் போனேன்.
மோட்டார்சைக்கிளை இக்கரைக் கடையில் விட்டு
காசுப்பையை வயிற்றோடு சேர்த்து
மழைக்கோட்டுக்குள் பூட்டிக்கொண்டு
தோணியில்.
வெள்ளத்துக்கு லீவு உண்டு, தவணைக்கு இல்லை
என்பார் மனேஜர்.
சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

புலிபாய்ந்தகல்லில் பதினொரு பெண்கள்.
முன்பள்ளிக் கட்டடம், சுவரில் அ, ஆ.
பிள்ளைகளின் குட்டைக் கதிரைகளில்
முழங்கால் மடக்கி இருந்து
ஆளுக்கு ஆயிரத்து இருநூற்றி எண்பது எண்ணித் தருவார்கள்.
நனைந்த தாள்கள், எருமைத் தயிர் வாசம்.
ஒருத்திக்குக் குறைந்தால் மற்றப் பத்துப் பேரும் போட வேண்டும்.
குறையாமல் இருக்க யார் வீட்டில் எது விற்றது என்று
நான் கேட்பதில்லை.

அன்றைக்கு நேசமலருக்குக் காய்ச்சல்.
மகள் வந்திருந்தாள், யதுர்ஷனா,
பத்தாம் வகுப்பு.
காசை வாங்கி அட்டையில் ஒப்பம் வைத்துக் கொடுத்தேன்.
அவள் போகவில்லை.

“சேர், ஐம்பதாயிரம் எடுத்தது.
கிழமைக்கு ஆயிரம் முதல், இருநூற்றி எண்பது வட்டி,
ஐம்பது கிழமை. சரிதானே?”
சரி.
“முதல் கிழமை எங்கட கையில ஐம்பதாயிரம் கிடந்த.
அதுக்கு இருநூற்றி எண்பது.
கடைசிக் கிழமை மிச்சம் கிடக்கிறது ஆயிரம்.
அதுக்கும் ஏன் சேர்
இருநூற்றி எண்பது?”

கோமளேஸ்வரி அக்கா எண்ணிய காசைப் பிழைவிட்டு
மறுகா முதலிலிருந்து எண்ணத் தொடங்கினா.

எனக்கு மூன்று நாள் பயிற்சி தந்தார்கள்.
கழுத்துப்பட்டி கட்ட,
‘அம்மா’ என்று கூப்பிட,
அழுதால் தண்ணீர் கொடுத்துக் காத்திருக்க.
இந்தக் கேள்வி அதில் வரவில்லை.
“கொம்பனிட முறை அப்படி, தங்கச்சி.”
“முறை விளங்குது சேர்.
கணக்குத்தான் விளங்கல்ல.”

பள்ளிக்கூடத்தில் எனக்கும் வட்டி படிப்பித்தார்கள்.
கண்ணன் என்பவர் வங்கியில் பத்தாயிரம் வைப்பிலிட்டார்.
ஒவ்வொரு வருடமும், ஒவ்வொரு பாடப்புத்தகத்திலும்
வைப்பிலிட்டுக்கொண்டே இருந்தார்.
ஒருநாளும் கடன் வாங்கவில்லை,
மனைவியின் தோட்டை அடகு வைக்கவில்லை.
அந்த ஆளை நாங்கள் எவரும்
கிரான் சந்தையில் கண்டதில்லை.

அன்றிரவு கரண்ட் இல்லை.
போன் வெளிச்சத்தில் ஐம்பது கிழமையையும்
ஒவ்வொரு வரியாய் எழுதினேன்.
இருபத்தெட்டு வீதம் என்று
அவர்களிடம் சொன்னது நான்தான். பொய்யில்லை.
ஆனால் வருசத்தில் பாதிக் காசுதான்
சராசரியாய் அவர்கள் கையில் இருந்திருக்கிறது.
அப்படிப் பார்த்தால் அது ஐம்பதைத் தாண்டுகிறது.
மூன்று தரம் அழித்து எழுதியும்
தாண்டியபடியே நின்றது.

மேசைக்குக் கீழே என் பெட்டி.
அதற்குள் மோட்டார்சைக்கிளின் லீசிங் பத்திரம்.
பதினேழு இடத்தில் என் ஒப்பம்.
பென்சிலால் சின்னப் பெருக்கல் குறி
போட்டுத் தந்த இடமெல்லாம் வைத்திருக்கிறேன்,
எனக்கு இருபத்திரண்டு வயது, புது வண்டி வாசலில் நிற்கிறது,
யார் வாசிப்பார்?

அடுத்த செவ்வாய் ஆறு வடிந்திருந்தது.
பாலத்தில் சேறு, செத்த ஜப்பான் மீன்.
முன்பள்ளியில் நேசமலர் வந்திருந்தா, பக்கத்தில் மகள்,
அவளோடு வகுப்புப் பெட்டைகள் இரண்டு பேர், கையில் கொப்பி.
பெண்கள் யாரும் இன்னும் காசை வெளியில் எடுக்கவில்லை.
என்னைப் பார்த்தார்கள்.

நான் பையைத் திறக்கவில்லை.
மழைக்கோட்டுக்குள்ளிருந்து பத்திரத்தை எடுத்து
குட்டைமேசையில் வைத்தேன்.
“இதில எவ்வளவு போகுதெண்டு பார்க்க ஏலுமா?”

“எத்தின கிழமை சேர்?”
“மாதம். நாற்பத்தெட்டு.”

பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டு
“முதல்ல வாசிப்பம்” என்றாள்.
கதிரைகள் சீமெந்தில் உரசிக் கிட்ட வந்தன.