மழையில்லாத நாளில் நனையும் சுவர்

மைனஸ் முப்பத்தொன்று.
தண்டர் பே வானில் ஒரு வாரமாய்
பொட்டு மேகமில்லை.
மாடிப்படிச் சுவரில் மட்டும்
தேநீர்க் கறைபோல் ஒன்று
நேற்றைவிட ஒரு விரற்கடை கூடியிருக்கிறது.

கூரைதான் என்றான் ரெய்னோ.
அக்டோபரில் ஏறித் தார் பூசினான்.
நவம்பரில் இன்னொரு வாளி.
நடுவில் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.
"மழைக்கு ஒழுகாத கூரை
வெயிலுக்கு எதற்கு ஒழுகணும்?"
கேட்டுவிட்டேன்,
அதற்காக.

பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் நான்,
குறித்துவைப்பது கைப்பழக்கம்.
கறையின் விளிம்பில் பென்சிலால் தேதி போட்டுவந்தேன்.
குளிர் ஏற ஏறக் கோடுகள் விலகின.
கூரைப் பனி உருகிச் சொட்டிய இரண்டு நாளும்
கோடு அசையவில்லை.

டானிஸ் வந்தாள்,
பூட்ஸுக்கு மேல் நீல உறை மாட்டிக்கொண்டு.
கூரையை ஏறிட்டும் பார்க்காமல்
நிலவறைக்கு இறங்கினாள்.

போன வருஷம் வாங்கிய ஃபர்னஸ்
வெள்ளைக் குழாய் வழியே
பக்கச் சுவரில் மூச்சு விடுகிறது.
செங்கல் புகைபோக்கியில் இப்போது
வெந்நீர்க் கொதிகலன் மட்டும்.

"இரண்டு பேருக்குத் தைத்த கோட்டை
ஒரு ஆள் போட்டுக்கொண்டால்..."
முடிக்காமல் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டாள்.

அத்தனை அகலத்தில் அந்தக் கொஞ்சச் சூடு
பாதி உயரம் ஏறுவதற்குள் ஆறிப்போகிறது.
ஆறினால் தண்ணீர்.
வெறும் தண்ணீரில்லை, புளித்த தண்ணீர்,
சாந்தைத் தின்னும்.
அடியிலிருந்த சின்ன இரும்புக் கதவைத் திறந்து
ஒரு கை அள்ளிக் காட்டினாள்:
செங்கல் மாவு, ஈரப் பிண்ணாக்காக.

பிறகு ஒரு தீக்குச்சியை அணைத்து
கொதிகலன் தலைமேல் பிடித்தாள்.
புகை தயங்கித் தயங்கி உள்ளே போனது.
மேலே சமையலறை விசிறியைப் போடச் சொன்னாள்.
போட்டுவிட்டு நான் இறங்கி வருவதற்குள்
புகை திரும்பி
அறைக்குள் வந்துகொண்டிருந்தது.

கறையைப் பற்றி அதன்பின் அவள் பேசவில்லை.
"படுக்கையறைப் பக்கம் அலாரம் இருக்கா?"
"இருக்கு."
"பாட்டரி?"

நான் ரெய்னோவைப் பார்த்தேன்.
ரெய்னோ தன் காலுறையைப் பார்த்தான்.

கொதிகலனின் எரிவாயுவை மூடிச்
சிவப்புச் சீட்டு கட்டிவிட்டுப் போனாள்.
புகைபோக்கிக்குள் இறக்க ஒல்லியான உலோகக் குழாய்
வியாழக்கிழமை வரும்.
அதுவரை குளியல்
பின்கட்டுச் சவுனாவில், விறகடுப்பில் காய்ச்சிய நீரில்.

அன்று ராத்திரி
நாற்காலி போட்டு ஏறி
அலாரத்தின் மூடியை அவன் அழுத்தினான்.
ஒரு முறை கத்தி அடங்கியது.

வரவேற்பறையில்
ஒலி குறையாமல் ஹாக்கி ஓடியது,
அது முடிந்து சமையல் நிகழ்ச்சி,
அது முடிந்து மீன்பிடி.
ரிமோட்டில் பாட்டரி இல்லை.
எழுந்துபோய் அணைக்க
இருவருமே எழவில்லை.