நான்கு மணி நேரத்துக்குள்

ஞாயிறு இரவு. நாற்காலிகள் ஓடவில்லை.
காற்று இல்லை. பனியும் விட்டிருந்தது.
ஏழாம் கோபுரத்தில், பூட்டிய பதினொன்றாம் நாள்,
ஒரு போல்ட் தன் தலையைத் தானே கழற்றிப் போட்டது.
சரிவில் பனி சமன்செய்துகொண்டிருந்த ஃப்ரான்யோ
யாரோ மான் சுடுகிறார்கள் என்று நினைத்தாராம்.
"டப். அவ்வளவுதான். யாரும் அதைத் தொடவில்லை."

திங்கள் காலை என் மேசைக்கு வந்தன,
திரவ நைட்ரஜன் புகையும் குடுவையில் இரண்டு:
உடைந்தது ஒன்று,
அதன் பக்கத்தில் நின்ற உடையாதது ஒன்று.
குளிரில் வைத்தால்தான்
உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும்.

நுண்ணோக்கியில் முறிந்த முகம்.
இழுபட்ட தடம் இல்லை, நெளிவு இல்லை.
கற்கண்டை உடைத்ததுபோல்
மணி மணியாய்ப் பிரிந்து பளபளத்தது.
ஒரு லாரியையே தூக்கி நிறுத்தும் எஃகு.
அதன் வலிமைதான் அதற்கு வினை;
கொஞ்சம் மெத்தென்று இருந்திருந்தால்
வளைந்து தப்பித்திருக்கும்.

துரு போக அமிலத் தொட்டியில் குளித்தபோது
ஹைட்ரஜன் நுழைந்திருக்கும்.
கதவு கேட்காத அளவுக்குச் சின்னது.
உள்ளே போகையில் ஒண்டிக்கட்டை,
வெளியே வருகையில் மட்டும் இரண்டிரண்டாய்.
மேலே துத்தநாகச் சட்டை மாட்டியதும்
வழி அடைபட்டது.

அதன்பின் அது தங்குமிடம் தேடும்.
வனேடியம் கார்பைடு என்ற நுண்துகள் பிடித்தால்
உடும்புப்பிடி; அங்கே கிடப்பதால் யாருக்கும் கெடுதல் இல்லை.
வரிசை பிசகிய அணுக்களுக்கு இடையிலோ
ஒரு ராத்திரி வாசம்தான்;
போல்ட்டை முறுக்கினால் பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும்,
எங்கே இழுவிசை அதிகமோ அங்கே,
முதல் மரையின் பள்ளத்துக்கு,
கூட்டமாய்.

உடையாததை நறுக்கிக் குழாயில் வைத்துச் சூடேற்றினேன்,
மணிக்கு நூறு டிகிரி.
திரையில் கோடு தரையோடு ஊர்ந்தது.
நூற்றைம்பதுக்கு முன்பே எழுந்தது ஒரு மலை.
அந்த மலை அங்கே இருக்கக் கூடாது.
நானூறைத் தாண்டி ஒரு சின்ன மேடு:
கார்பைடு தன் கைதிகளை மெல்ல விடுகிறது.
அதை நான் பார்க்கவே இல்லை.

பதிவேடு சொன்னது: முலாம் பதினான்கு மணி.
உலை பதினேழு முப்பது. இருநூறு டிகிரியில் முழு இரவு.
கையெழுத்து, லோய்ஸே பெர்னாட்.
விதி கேட்பது நான்கு மணி நேரத்துக்குள்;
மூன்றரையில் போட்டிருக்கிறார். சுத்தமான எண்.

முலாம் கூடத்துக்கு நடந்தேன். மேஜா ஆறு
ஓரங்களில் உறைந்து, நடுவில் கறுப்பாய் ஓடியது.
லோய்ஸே காபி ஊற்றினார்,
எனக்குச் சர்க்கரை வேண்டாம் என்பது தெரிந்தும் போட்டார்.
"எந்தச் சூட்டில் வந்தது, ஸ்தென்கா?"
சொன்னேன்.
கரண்டி கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தது.

உலையின் வெப்பமானி அன்று செத்துவிட்டதாம்.
வெள்ளிக்கிழமை. மாற்று மாரிபோரிலிருந்து வர
இரவு பதினொன்றானது.
"ஒன்பது மணி நேரம். அப்புறம் கொஞ்ச நேரம்தான் சுட்டேன்,
காலையில் லாரி நின்றது.
கட்டம் ஒரு எண் கேட்டது. கொடுத்தேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
அந்தக் கோபுரத்தில் இன்னும் முப்பத்தெட்டு நிற்கின்றன,
அத்தனையும் முறுக்கப்பட்டு,
அத்தனையும் துத்தநாகம் போர்த்தி.
தொலைபேசியை அவரே எடுத்தார்.
லிஃப்டை நிறுத்தச் சொல்லி இரண்டு முறை சொன்னார்;
முதல் முறை குரல் வரவில்லை.

மாலைக்குள் முப்பத்தெட்டையும் கழற்றினார்கள்.
ஒன்று, சாவி பட்டதுமே கையோடு வந்ததாம்.
மறுபடி சுட்டால் சரியாகுமா என்று கேட்டார்கள்.
வாயு போகும், என்றேன். கீறல் போகாது.

நான் கிளம்பும்போது
லோய்ஸே பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தார்.
பதினேழு முப்பதின்மேல் ஒற்றைக் கோடு,
பக்கத்தில் இருபத்துமூன்று.
அடித்தாலும் பழைய எண் தெரிய வேண்டும்
என்பது எங்கள் ஆலை விதி.
கோடு மெல்லியதாய் இருந்தது.
அதன்கீழ் அந்த மூன்றரை மணி
நன்றாகவே தெரிந்தது.