ஐம்பதும் அறுபதும்

வெர்னியர் பொய் சொல்லாது.
என் சத்ரியாவின் தொண்டை ஐம்பது மில்லிமீட்டர்.
யுகேந்திரன் போட்டோங் கடையில் தேடி எடுத்து வந்தது
அறுபது.
எடைமேடை மேசையில் இரண்டையும் வைத்தோம்,
செம்பனை ஆலையின் மதிய ஓய்வில்,
நாசி லெமாக் பொட்டலத்துக்குப் பக்கத்தில்.

"பத்து மில்லிதானே கூட, கிராணியக்கா?"
பத்து இல்லையடா.
வட்டம் வர்க்கத்தில் வளரும்.
ஐம்பதை ஐம்பதால் பெருக்கு,
அறுபதை அறுபதால்.
நூற்றுக்கு நாற்பத்து நாலு கூடுதல் வாசல்.
அவன் கண் அகன்றதும்
ஏறக்குறைய அதே விழுக்காடு.

ஆனால்
ஆயிரத்து ஐந்நூறு சிசி என்ஜின்,
நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்றில்,
குடிப்பது நாலாயிரத்து ஐந்நூறு லிட்டர் காற்று.
அதுவும் நெஞ்சு நிறைய இழுத்தால்.
அகப்பை எவ்வளவு பெரிதானாலும்
சட்டி அதே சட்டிதான்.

இதை எனக்குச் சொன்னது லாரிகள்.
போன வருசம் ஆலை வாசலை உடைத்து
இரண்டு லாரி ஒன்றாய் நுழையக் கட்டினார்கள்.
மேலாளர் ரிப்பன் வெட்டினார். ஆளுக்கொரு கறிபாப்.
மறுநாளும் வரிசை முச்சந்தி வரை.
உள்ளே பழக்குலை அவிக்கும் கொப்பரை
அன்றும் மூன்று, இன்றும் மூன்று.
ரோஸ்லிக்கு மட்டும் மகிழ்ச்சி:
பக்கக் கண்ணாடி உரசாமல் திரும்ப முடிகிறதாம்.
அதையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

சனிக்கிழமை மாற்றினோம்.
நாலு போல்ட், ஒரு கேஸ்கெட்.
மேனிஃபோல்டின் வாய் ஐம்பதிலேயே நின்றதால்
உள்ளே படிக்கட்டு மாதிரி ஒரு விளிம்பு;
காற்று அதில் தடுக்கி விழும்.
பாகாவ் பழைய சந்தைக்குப் பின்னால்
ஆ சூன் பட்டறையில் அரம் கேட்டு வாங்கி
பொழுது சாயும்வரை ராவினோம்.
சோறு பிசைந்தபோதும் விரல் இடுக்கில் அலுமினியம்.

முதல் கியரில் பெடலைத் தொட்டால் போதும்,
பாய்ந்தது.
பட்டாம்பூச்சி வால்வு சற்றே சாய்ந்தாலும்
கூட்டமாய் நுழைகிறது காற்று.
தபால் நிலையச் சந்தியில் பாய்ச்சல், உடனே பிரேக்;
பின்சீட்டுச் சம்பால் டப்பா முன்சீட்டில்.

செர்த்திங் சாலையில் அளந்தோம்.
தோட்டத்து மேட்டில், மூவாயிரம் சுற்றில்,
ஒரு வித்தியாசமும் இல்லை.
சொல்லப்போனால் கொஞ்சம் சோம்பல்.
ஐயாயிரத்துக்கு மேலேதான்
ஏதோ அவிழ்ந்தது,
இறுக்கிப் போட்ட கொண்டை அவிழ்வதுபோல.
நேர்ச்சாலையில் ஆறு ஓட்டம்.
லாபம்: ஒரு நொடியில் பத்தில் நாலு பங்கு.
செலவு: முந்நூற்று எண்பது ரிங்கிட்.
அந்த நாலில் ஒரு பங்கு
நான் செருப்பைக் கழற்றியதால் வந்திருக்கலாம்.

"கழற்றிடவா?" என்றான்.
நியாயமான கேள்வி.
பதில் மட்டும் கணக்கிலிருந்து வரவில்லை.
மழை விட்ட சாலை, இருபுறமும் செம்பனை,
கண்ணாடியை இறக்கி முழுப்பெடல் மிதித்தால்
பானட்டுக்கு அடியில் எழும் அந்த உறிஞ்சல்,
கடைசிச் சொட்டு செண்டோலை
ஸ்ட்ராவில் இழுக்கிற பிள்ளை மாதிரி,
வெட்கமே இல்லாமல்.

இருக்கட்டும் என்றேன்.

ஐம்பது இப்போது என் மேசையில்,
எடைச்சீட்டுகள் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது.
விசிறிக் காற்று அதற்குள் நுழைந்து போகிறது;
எவ்வளவென்று நான் அளக்கவில்லை.
வெளியே ரோஸ்லி ஹாரன் அடிக்கிறார்.
உள்ளே போன எடை, வெளியே வந்த எடை,
கழித்தால் மீதி
பழம்.