பதினோரு விநாடி

கிளம்பிய அன்று நீ போட்டிருந்ததெல்லாம்
அட்டைப் பெட்டியில் திரும்பி வந்தது முதலில்:
ஜீன்ஸ், சாம்பல் சட்டை,
இடது கயிறு அறுந்த ஷூ.
பெட்டிமேல் உன் கையெழுத்து.
எழுத்துகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன,
பின்னாலிருந்து யாரோ அதட்டியதைப்போல.
மேரன் பெட்டிக்குள் தலைவிட்டுத் தேடினாள்.
நான்கு வயதில் அது நியாயமான தேடல்தான்.

நெப்ராஸ்காவின் இந்த மூலையிலிருந்து
எந்தத் திசையில் ஓட்டினாலும்
ஒரு பகலில் கடல் வராது.
சோளம் வரும், கோதுமை வரும்,
தண்ணீர்த் தொட்டியில் பெயர் எழுதிய இன்னோர் ஊர் வரும்.
இங்கே பிறந்து கப்பற்படைக்குக் கையெழுத்திட்டாய்.
கடனா, கடலா, எது இழுத்தது என்று
நான் கேட்கவில்லை.
முதலாவதுதான் பதிலென்றால்
அதில் பாதி என் பெயரில்.

கடிதத்துக்கும் விதிகள் உண்டாம்.
வாசனை கூடாது, மினுமினுப்பு கூடாது, வண்ண உறை கூடாது,
மீறினால் தண்டனை உனக்கு.
மேரன் ஒட்டிய யூனிகார்னை
உறையிலிருந்து நகத்தால் சுரண்டி எடுத்தேன்.
அழுதாள்.
"இதுக்கு அம்மா தண்டால் எடுக்கணும்" என்றேன்.
"எத்தனை?" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ஐந்தாவது ஞாயிறு நீ அழைத்தபோது
நான் ஒரு லாரிக்கு அடியில் இருந்தேன்.
நட்டு கழற்றும் இரைச்சலில்
சட்டைப்பையில் துடித்தது தெரியவில்லை.
பதினோரு விநாடிக் குரல் மட்டும் மிச்சம்:
"நான்தான். எடுக்கலையா. சரி.
தண்ணியில கொஞ்சம்... சரி, எழுதறேன். சரி."

மூன்று சரிகள்.
முதலாவது எனக்கு.
இரண்டாவது, வரிசையில் உன் பின்னால் நின்றவளுக்கு.
மூன்றாவது யாருக்கென்று
எத்தனையோ தடவை போட்டுக் கேட்டுவிட்டேன்.

வியாழனன்று கடிதம்.
குதிக்க வேண்டிய மேடையில் கால் நகரவில்லை,
கீழே எண்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்,
இறக்கி ஓரமாய் நிறுத்திவிட்டார்கள்,
இன்னும் ஒரு வாய்ப்பு உண்டு.
"நீ என்ன சொல்கிறாய், டேரில்?"

'வந்துவிடு' என்று எழுதினேன்.
ஒரே சொல், தாளின் நடுவில்,
அழகாகவே விழுந்திருந்தது.
மடித்து அடுப்பில் காட்டினேன்.
'உன்னால் முடியும்' என்று அடுத்த தாளில்.
அது டயர் கம்பெனி காலண்டரில் இருப்பது.
அதையும் காட்டினேன்.

மாலையில் நகராட்சி நீச்சல்குளம்.
உயரப் பலகையின் ஏணியில் ஏறினேன்.
முப்பத்துநாலு வயது,
பனியன் கோடு விழுந்த தோள்,
பின்னால் பல் விழுந்த பையன்களின் வரிசை.
மேலிருந்து பார்த்தால் தண்ணீர் தண்ணீராக இல்லை.
நீலமாய் இறுகிக் கிடந்தது ஒரு தரை.
"சார், போங்க" என்றான் ஒருவன்,
மரியாதையாகத்தான்.
வரிசை முழுவதையும் கீழே இறங்கச் சொல்லி
அவர்களுக்குப் பிறகு நானும்
ஏணிவழியே இறங்கி வந்தேன்.

அதைத்தான் எழுதினேன் உனக்கு.
அறிவுரை ஒன்றும் சேர்க்கவில்லை.
அடியில் மட்டும் இரண்டு வரி:
மேரன் தட்டில் பட்டாணிகளை
அணிவகுத்து நிறுத்தி அதட்டுகிறாள்,
அசைந்ததை முதலில் தின்கிறாள்.

இன்று ஞாயிறு. அறுவடைக் காலம், கடை உண்டு.
ஒரு மணிக்கு எல்ராய் கம்ப்ரஸரை அணைத்தார்.
நான் கேட்கவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை.
ரேடியோவையும் அணைத்தார்.
டிராக்டர் டயரின்மேல் போனை வைத்துவிட்டு
மூன்று ஆண்கள், கிரீஸ் கையோடு,
விறைப்பாக நின்றோம்.
பஞ்சர் ஒட்ட வந்த ஒருத்தி
எங்களைப் பார்த்ததும் என்னவென்று கேட்காமல்
சாவிக்கொத்தை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு நின்றாள்.

ஒன்றே முக்கால்வரை.

பிறகு எல்ராய் சுவிட்சில் கைவைத்தார்.
போடாமல் கொஞ்சநேரம்
அப்படியே வைத்திருந்தார்.