ஐந்தாவது துண்டு

ஏர்வாடியில் பழைய மெஷின் ஒன்று வாங்கினேன்,
மூவாயிரத்து இருநூறு.
இழுப்பறையைத் திறந்துகூடப் பார்க்காமல்
டெம்போவில் ஏற்றிவிட்டார் மைதீன் பிச்சை.
பணகுடி வந்து இறக்கும்போதுதான் உள்ளே சரசரத்தது.
எலி என்று நினைத்தேன்.

பேப்பர்.
துருவேறிய ஒற்றைக் குண்டூசியில் ஐந்து துண்டுகள்.
செய்தித்தாளில் வெட்டிய அளவு,
முன்பக்கத்துக்கு மட்டும் இரண்டு தாளை
மைதாப் பசையால் ஒட்டியிருந்தாள்.
ஒட்டியவள் என்கிறேன், ஆணாகவும் இருக்கலாம்.
ஆனால் பென்சிலில் எழுதியிருந்தது:
இடுப்பு வேண்டாம்.
பின்பக்கத்தில்:
திறப்பு வேண்டாம். தலை நுழையும்.
ஓர் ஆண் இதை எழுதுவானா, யோசித்துப் பாருங்கள்.

அன்றைக்கு என் மேசையில்
பொன்னிசக்கியின் கல்யாண ரவிக்கை.
லைனிங், கேன்வாஸ், கப், பைப்பிங்,
முதுகில் ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு ஒரு குஞ்சம்,
எண்ணினால் இருபத்து மூன்று துண்டு.
மூன்று முறை பிரித்தாயிற்று.
"மூச்சு விட முடியலக்கா."
"போட்டோ எடுக்கிற நேரம் மட்டும் விடாம இரு."
சிரித்தாள்.
தையல் விட்டது.

ஆனி மாதப் பணகுடியில்
காகிதம் விரித்துத் துணி வெட்டுவது லேசில்லை.
கணவாய்க் காற்று கதவைத் தட்டாது,
கடன் கொடுத்தவன் மாதிரி நேரே உள்ளே வரும்.
முன்பக்கத்தின் மேல் இஸ்திரிப் பெட்டி,
பின்பக்கத்தின் மேல் இட்லிக் கொப்பரை மூடி,
கைக்கு என் கால் கட்டைவிரல்.
கழுத்துப் பட்டி பறந்துபோய்
ஜெஸிந்தா வீட்டு முருங்கையில் தொங்கிற்று.
அவள் பையன் ஏறி எடுத்தான்,
ஐந்து ரூபாய் கேட்டான்.

நாலு துண்டுக்கும் வேலை தெரிந்தது.
ஐந்தாவது,
மேலே நேர்கோடு, கீழே வளைவு,
உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிது.
பென்சில் குறிப்பே இல்லை,
பாதி கிழிந்த பல்பொடி விளம்பரம் மட்டும்.
காலரா? இல்லை.
கையில் ஒட்டுக் கொடுப்பதா? சேரவில்லை.
மூன்று நாள் டீ டம்ளருக்கு அடியில் கிடந்தது.

முன்பக்கத்தின் உச்சியில் கொட்டை எழுத்துச் செய்தி.
கழுத்து வெட்டியதில் நடுவே ஓட்டை.
ஓட்டைக்கு இந்தப் பக்கம் 'பாபநாசத்தில்',
அந்தப் பக்கம் 'திறப்பு'.
என்ன திறந்தார்கள்?
பாலமா, பள்ளிக்கூடமா, புரோட்டாக் கடையா?
தைக்கும்போதெல்லாம் அதுவே ஓடியது மண்டைக்குள்.

நாலாம் நாள் டம்ளரைத் தூக்கினேன்,
பேப்பரும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது.
அடிப்புறம், ஈர வளையத்துக்குள்:
தண்ணீர்.

கழுத்து ஓட்டையில் வைத்தேன். இம்மி பிசகவில்லை.
பாபநாசத்தில் தண்ணீர் திறப்பு.

கழுத்திலிருந்து விழுந்ததை அவள் கீழே போடவில்லை.
திருப்பவும் இல்லை.
அப்படியே இறக்கி, இடுப்புக்குக் கீழே வைத்து
மூன்று பக்கம் தைத்திருக்கிறாள்.
பை.
தலை போக ஒரு வழி, அதே துணியில்
கை போக ஒரு வழி.

இரண்டேகால் மீட்டர் சீட்டித் துணி.
வெட்டி முடித்த மிச்சத்தை அள்ளினேன்,
ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும்.
சும்மா நாலு கோடு என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன்.
நாலு கோட்டுக்கு வர
எத்தனை கோட்டை அழித்தாளோ.

போட்டுக்கொண்டு கடைக்கு வெளியே நின்றேன்.
காற்று உள்ளே புகுந்து
ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு
கழுத்து வழியாக வெளியே போனது.
மேற்கே காற்றாலைகள் அவை பாட்டுக்குச் சுற்றின.

"என்னட்டி, தலையணை உறையா?" என்றாள் சுயம்புக்கனி மைனி.
"வேலையே இல்லியே இதுல. இதுக்குப் போயி முந்நூறா?"
"வேலை இல்லதான் மைனி.
கையை மட்டும் உள்ள விட்டுப் பாருங்க."
விட்டாள்.
வெளியே எடுக்க நேரமாயிற்று.

சாக்கட்டி, இஞ்சி டேப், வள்ளியூர் பஸ் டிக்கெட்.
போன் மட்டும் கழுத்தளவுக்கு
வெளியே எட்டிப் பார்க்கிறது,
அவள் காலத்தில் போன் இல்லை, அவளைக் குற்றம் சொல்ல முடியாது.
எனக்கு இடதுகைப் பழக்கம், பையை இடதுபக்கம் வைத்தேன்.
அது ஒன்றுதான் நான் சேர்த்தது.

ரவிக்கையை நாலாவது முறை வாங்க வந்த பொன்னிசக்கி
என்னை மேலும் கீழும் பார்த்தாள்.
"மறுவீட்டுக்கு எனக்கும் ஒண்ணு."
அளவெடுக்க டேப்பை எடுத்தேன்.
மார்பு, தோள், உயரம்.
இடுப்புக்குப் போன கையை
நானே நிறுத்திக்கொண்டேன்.

ஐந்து துண்டையும் மறுபடி அடுக்கி இழுப்பறையில் வைத்தாயிற்று.
குண்டூசியை மட்டும் மாற்றினேன்.